வாசகர் கேள்வி: கடலுக்குள் நிற்கும் இரும்பு

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ஜெட்டித் தூண் (படகுத்துறையைத் தாங்கும் தூண்) மேலே நன்றாக இருக்கிறது என்பதை வைத்துக் கீழேயும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இரும்பும் உப்புத் தண்ணீரும்தான்.

ஐயா, எங்கள் மீன்பிடி ஜெட்டியில் இரும்புக் குழாய்த் தூண்கள். வருஷா வருஷம் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறோம். ஆறு மாதத்தில் அதே இடத்தில் துரு எட்டிப் பார்க்கிறது. பெயிண்ட் கம்பெனியை மாற்றியும் பார்த்தாயிற்று. என்னதான் செய்வது?
வாசகர், தூத்துக்குடி

"அதே இடத்தில்" என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. அந்த இடம் அநேகமாக அலை தெறிக்கும் பட்டையாக இருக்கும், அதாவது ஏற்றத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கே இரும்பு அடிக்கடி நனைந்துகொண்டே இருக்கும், ஆனால் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்காது. மெல்லிய உப்பு நீர்ப் படலம், அதன் வழியாகத் தாராளமாக நுழையும் காற்று, வெயிலில் காய்ந்து காய்ந்து சேரும் உப்பு, இத்தனையும் ஒரே இடத்தில் கூடினால் துருவுக்கு வேறு என்ன வேண்டும்? அதற்குக் கீழே, ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவில், கொட்டலசும் சிப்பியும் அப்பிக் கிடக்கும் பகுதி பார்க்க அசிங்கமாக இருந்தாலும் இரும்பு அங்கே அவ்வளவாகக் கரைவதில்லை. அதையும் தாண்டி, வற்று மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மறுபடி அரிப்பு ஏறும். காரணம் இதுதான்: மேலே காற்றோட்டம் அதிகம், கீழே குறைவு, தூண் ஒரே இரும்பு. இந்த வித்தியாசத்தால் தூணே ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து, ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவில் உள்ள பகுதி தப்பித்துக்கொள்ள அதற்குக் கீழ்ப்பகுதி கரைகிறது.

ஐரோப்பாவில் தூண் வடிவமைக்க யூரோகோடு 3, பகுதி 5 என்று ஒரு விதி உண்டு. மிதவெப்பக் கடலில் 50 வருஷத்தில் ஒரு பக்கத்தில் எவ்வளவு தடிமன் போகும் என்று அதில் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். தெறிப்புப் பட்டையிலும் வற்று மட்டத்திலும் 3.75 மில்லிமீட்டர், எப்போதும் மூழ்கியிருக்கும் இடத்தில் 1.75, கலைக்கப்படாத இயற்கை மண்ணுக்குள் வெறும் 0.60. ஒரே தூண்தான், இடத்துக்கு இடம் ஆறு மடங்கு வித்தியாசம். அப்படியிருக்க மேலிருந்து கீழ்வரை ஒரே மருந்து எப்படிக் கேட்கும்?

இனி உங்கள் பெயிண்டுக்கு வருகிறேன். பெயிண்டைக் குறை சொல்வதற்கு முன்னால், அடிக்கும் முறையைப் பாருங்கள். வற்று நேரத்தில் அவசரமாகக் கம்பி பிரஷால் தேய்த்து, குழிகளுக்குள் உப்பு இருக்கும்போதே மேலே பூசினால், அந்த உப்பு பெயிண்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். கொப்புளம் வரும், வெடிக்கும், பழைய கதைதான். அதோடு காய்வதற்குள் ஏற்றம் வந்து நனைத்துவிடும். நல்ல எபாக்சி பூச்சு நிற்க வேண்டுமானால் முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, மணல்வீச்சு போல் துகள்வீச்சு செய்து, இரும்பு கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும் வரை (தரக்குறியீட்டில் எஸ்ஏ இரண்டரை என்பார்கள்) எடுக்க வேண்டும். புதுத் தூணாக இருந்தால் கரையிலேயே, அடித்து இறக்குவதற்கு முன்பே, இதைச் செய்துவிடலாம். கடலில் ஏற்கனவே நிற்கிற தூணுக்கு நான் சொல்வது வேறு: பெட்ரோலேட்டம் ஊறிய நாடா. பிசுபிசுவென்று மெழுகு மாதிரி இருக்கும், தண்ணீரை விலக்கிக்கொண்டு இரும்பில் ஒட்டும். கையால் நன்றாகச் சுத்தம் செய்த பரப்பே போதும், நீருக்கடியிலும் சுற்றலாம். மிகத் தாழ்ந்த வற்றுக்கு அரை மீட்டர் கீழிருந்து தெறிப்புப் பட்டைக்கு மேல்வரை சுற்றி, அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் உறையைப் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். உறை இல்லாமல் விட்டால் படகு உரசி நாடா கிழியும். நம் கரையில் ஏற்ற வற்று வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது, அதனால் சுற்ற வேண்டிய உயரமும் குறைவு. குஜராத்தில் காம்பே வளைகுடாப் பக்கம் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும், அங்கே இதே வேலை மலைப்பாக இருக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும்போது ஒரு சிறு படகில் ஜெட்டிக்கு அடியில் போய் ஒவ்வொரு தூணையும் பாருங்கள். வற்று மட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று ஒரு திட்டு, விரலால் வழித்தால் அடியில் கறுப்புச் சகதி, அழுகிய முட்டை நாற்றம், அதையும் துடைத்தால் பளபளவென்று குழிகுழியான இரும்பு, இப்படி இருந்தால் சாதாரணத் துரு இல்லை. நுண்ணுயிர்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒரு வகை சல்பேட்டைச் சல்பைடாக்கும், இன்னொரு வகை அந்தக் கந்தகத்தை அமிலமாக்கும். வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேலேயே தின்றுவிடும். பளபளப்பைப் பார்த்து இரும்பு நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தடிமனை அளக்கச் சொல்லுங்கள்.

தூணில் துத்தநாகக் கட்டி கட்டினால் துரு வராது என்கிறார்கள். ஒரு தூணுக்கு எத்தனை கிலோ வேண்டும்? கணக்கு உண்டா?
ஒரு ஒப்பந்ததாரர், நாகப்பட்டினம்

உண்டு, நீங்களே போடலாம். ஆனோடு என்று சொல்லும் அந்தக் கட்டி இரும்பைவிடச் சுலபமாகக் கரையும் உலோகம். தான் கரைந்து மின்னோட்டத்தை இரும்புக்குத் தருகிறது. வெப்பக் கடலில் பூச்சில்லாத இரும்புக்குச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 70 மில்லி ஆம்பியர் தேவை என்று வைத்துக்கொள்வார்கள். அரை மீட்டர் குறுக்களவுள்ள தூண், 8 மீட்டர் தண்ணீருக்குள் நிற்கிறது என்றால் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர மீட்டர். அப்படியானால் சுமார் 0.88 ஆம்பியர், வருஷத்துக்கு 7,700 ஆம்பியர்-மணி. ஒரு கிலோ துத்தநாகம் சுமார் 780 ஆம்பியர்-மணி தரும், அலுமினியம் கலவை 2,500 வரை தரும். ஆக வருஷத்துக்குத் துத்தநாகம் என்றால் 10 கிலோ, அலுமினியம் என்றால் 3 கிலோ. பத்து வருஷத்துக்கு 30 கிலோ அலுமினியம் என்று வந்தாலும் கட்டி கடைசித் துளிவரை கரையாது, அதனால் 36 கிலோ வைப்பது நல்லது. சேற்றுக்குள் இருக்கும் பகுதியும் கொஞ்சம் இழுக்கும், சதுர மீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல பூச்சு இருந்தால் தேவை பெருமளவு குறையும்.

கட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்வாயைத் தண்ணீரில் தொங்கவிட்டு வோல்ட் மீட்டரில் அளவெடுங்கள். காப்பு இல்லாத இரும்பு மைனஸ் 0.6 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் காட்டும். மைனஸ் 0.80 அல்லது அதற்கும் கீழே போனால் காப்பு கிடைத்துவிட்டது.

ஒன்றை மறக்காதீர்கள். மின்னோட்டம் தண்ணீர் வழியாகத்தான் போகும். தண்ணீருக்கு மேலே உள்ள தெறிப்புப் பட்டைக்கு எத்தனை கிலோ கட்டினாலும் பயனில்லை, அங்கே நாடாவும் பூச்சும்தான்.

ஆனோடு கட்டி கறுத்து அசிங்கமாக இருக்கிறது. தூணோடு சேர்த்து அதற்கும் பெயிண்ட் அடித்துவிடலாமா?
வாசகர், கடலூர்

கூடவே கூடாது. ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தபோது இதை என் கண்ணால் பார்த்தேன். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் யாரும் சொல்லித் தராததால் கட்டிகளையும் சேர்த்து அழகாகப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து முக்குளிப்பவர் இறங்கிப் பார்த்தால் கட்டிகள் புதுசு மாதிரி முழுசாக இருந்தன, தூண்கள் குழிவிழுந்திருந்தன. எனக்கு அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கரைந்து தேய்ந்த கட்டிதான் வேலை செய்த கட்டி.

துபாயில் ஒரு மரினாவில், அதாவது படகுகள் நிறுத்தும் துறையில், படகுப் பராமரிப்பு வேலை. ஒரு வருஷம் வர வேண்டிய ஜிங்க் (துத்தநாகக் கட்டி) மூன்றே மாதத்தில் காணாமல் போகிறது. மட்டமான ஜிங்க் வாங்கிவிட்டாய் என்று என்னைத் திட்டுகிறார்கள். என் தவறா, தம்பிக்குச் சொல்லுங்கள் ஐயா.
வாசகர், துபாய்

தம்பி, உங்கள் தவறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. படகுகள் இரவும் பகலும் கரை மின்சாரத்தில் செருகியே இருக்கின்றனவா? அப்படியானால் ஒயரில் வரும் எர்த் கம்பி வழியாக உங்கள் படகின் நீரடி உலோகமும், பக்கத்துப் படகும், துறையின் இரும்புத் தூண்களும் ஒன்றாக இணைந்துவிட்டன. கம்பியும் இருக்கிறது, உப்புத் தண்ணீரும் இருக்கிறது, சுற்று முழுமை. அதற்கப்புறம் உங்கள் படகின் சின்ன ஜிங்க் அந்தப் படகுக்கு மட்டும் உழைப்பதில்லை, காப்பில்லாத தூண்களுக்கும் சேர்த்துக் கரைகிறது.

இதற்கு எர்த் கம்பியில் கால்வானிக் ஐசொலேட்டர் என்று ஒரு சாதனம் போடுவார்கள். சிறிய மின்னழுத்தத்தைத் தடுக்கும், ஆபத்து நேரத்தில் கசியும் மின்சாரத்தை எர்த்துக்குத் தாராளமாக விடும். இன்னும் உறுதியாக வேண்டுமானால் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். யாராவது "எர்த்தை வெட்டிவிடு, பிரச்சினை தீர்ந்தது" என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஜிங்க் மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டார். நிர்வாகத்திடம் தூண்களின் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். தூணுக்குச் சொந்தமாக ஆனோடு இருந்தால் அது படகுகளிடம் கடன் வாங்காது.

நன்னீரில் இந்தத் தொல்லையே கிடையாதுதானே?
வாசகர், மினசோட்டா

உங்கள் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் டுலூத்-சுப்பீரியர் துறைமுகம், உப்பே இல்லாத தண்ணீர். 1998 வாக்கில் அங்கே நீரில் இறங்கிப் பார்த்தபோது இரும்புத் தகட்டுத் தூண்கள் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக அரித்துக் கிடந்தன, சில இடங்களில் தகட்டில் ஓட்டையே. நீர்மட்டத்தை ஒட்டிய சில மீட்டர் ஆழத்தில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள், அவற்றுக்கு அடியில் குழி. ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், இரும்பை ஆக்சிஜனேற்றி வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கொப்புளங்களைக் கட்டுகின்றன, தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு அதற்குள் புகுந்து இரும்பின் மேல் படிகிறது, செம்பும் இரும்பும் ஒட்டிய இடத்தில் இரும்பு தோற்றுப்போகிறது. போதாததற்குக் குளிர்காலப் பனிக்கட்டி கொப்புளத்தைச் சுரண்டிப் புது இரும்பைத் திறந்துவிடுகிறது. நன்னீரில் மின்சாரம் எளிதில் ஓடாது என்பதால் துத்தநாகமும் அங்கே சரிவராது, மக்னீசியம்தான் பயன்படும்.

இந்த ஆனோடு யோசனை யாருடையது?
கல்லூரி மாணவி, காரைக்குடி

ஹம்ஃப்ரி டேவி, 1824. அப்போது இங்கிலாந்துப் போர்க்கப்பல்களின் அடியில் செம்புத் தகடு போர்த்தியிருந்தார்கள், அது கடலில் கரைந்துகொண்டே இருந்தது. சின்னத் துத்தநாகத் துண்டோ வார்ப்பிரும்போ சேர்த்தால் செம்பு கரையாது என்று டேவி காட்டினார், உண்மையிலேயே கரையவில்லை. ஆனால் கப்பலில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன! செம்பு கரைந்து கசிந்த விஷம்தான் அதுவரை அவற்றை விரட்டியிருந்தது. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. டேவியின் அறிவியலில் பிழை ஒன்றும் இல்லை. இரும்புத் தூணுக்கு அந்தச் சிக்கலும் இல்லை, அதனால் அதே யோசனை இன்று உலகத் துறைமுகங்களில் தூண்களைக் காக்கிறது. நீங்கள் இருக்கும் ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்தது, 1953-இல் திறந்தது. உலோக அரிப்பு அவர்களுடைய முக்கியமான துறைகளில் ஒன்று. அவசியம் போய்ப் பாருங்கள்.

பேசாமல் கான்கிரீட் தூண் போட்டுவிட்டால்?
வாசகர், ராமேஸ்வரம்

கான்கிரீட்டுக்குள்ளும் இரும்புக் கம்பிதானே இருக்கிறது. உப்பு மெல்ல மெல்ல ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு பெருத்து வீங்கும், கான்கிரீட் வெடிக்கும், வெளியே தெரிவதற்குள் உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் அதனால்தான் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், மேலே இரும்புக்குப் பாலிசைலோக்சேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கான்கிரீட் போடுவதாக இருந்தால் கம்பிக்கு மேலே போதுமான கனம் விடச் சொல்லுங்கள், வார்க்கும் அன்று நீங்களே பக்கத்தில் நின்று அளந்து பாருங்கள்.