கருத்துக்கணிப்பில் "3 சதவீதம் கூடலாம், குறையலாம்" என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? எத்தனை பேரைக் கேட்டால் போதும்?

1,000 பேரைக் கேட்டதில் 52 சதவீதம் பேர் 'ஆம்' என்கிறார்கள். வேறு 1,000 பேரைக் கேட்டால் 50 வரலாம், 54 வரலாம். யார் நம் கையில் சிக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து எண் ஆடும். அந்த ஆட்டத்துக்கும் இடம் விட்டு, 'உண்மை 49க்கும் 55க்கும் நடுவில்' என்று சொல்வதுதான் நம்பிக்கை இடைவெளி.

எத்தனை பேர் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 1ஐ ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 100 பேருக்குப் பிழை சுமார் 10 சதவீதம், 400 பேருக்கு 5, 1,100 பேருக்கு 3. அந்த வர்க்கமூலம்தான் செலவு வைக்கிறது. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். (பாதிக்குப் பாதி பிரியும் மோசமான நிலைக்கான கணக்கு இது. 90-10 என்று சாய்ந்திருந்தால் பிழை இன்னும் குறையும்.)

சரி, நாட்டின் மக்கள்தொகை இதில் எங்கே? எங்கும் இல்லை! வீட்டுப் பாத்திரமோ கல்யாண அண்டாவோ, நன்றாகக் கலக்கிய சாம்பாருக்கு உப்பு பார்க்க ஒரு கரண்டி போதும். கலக்காவிட்டால் வாளியாகக் குடித்தாலும் பயனில்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில், 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்து வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். அந்த 3 சதவீதம், கலக்காத பிழையை, அதாவது எல்லாத் தரப்பிலிருந்தும் ஆட்களைக் கலந்து எடுக்காத பிழையை, கணக்கில் எடுப்பதே இல்லை.

அப்புறம், இந்த இடைவெளியோடு சேர்த்துச் சொல்லும் '95 சதவீத நம்பிக்கை' என்றால் 95 சதவீத மக்கள் அப்படி நினைக்கிறார்கள் என்று பொருளல்ல. இதே முறையில் 100 கணிப்புகள் நடத்தினால் சுமார் 95 இடைவெளிகளுக்குள் உண்மை சிக்கும் என்று பொருள்.