போர் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் காட்டும் சேனல்கள், சமாதானத்தை ஏன் கண்டுகொள்வதில்லை?

கேட்டவர் வீட்டில் யாரும் பட்டாளத்தில் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எங்களுக்குக் குன்னூர் பக்கம். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருப்பதாலோ என்னவோ, சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்து வீடுகள் நிறைய. 2025 மே மாதம் பஹல்காம் தாக்குதலுக்குப் பதிலடியாகப் பாகிஸ்தான் மேல் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது என் தம்பி பஞ்சாப் பக்கம் இருந்தான். போன் எடுக்கவில்லை. அம்மாவுக்கு டிவியை விட்டால் வேறு கதியில்லை. அதிலோ, கராச்சி துறைமுகத்தையே நம் கடற்படை அடித்துவிட்டதாக 8ஆம் தேதி ராத்திரி பல சேனல்கள் அலறின. அப்படி ஒன்று நடக்கவேயில்லை! போதாக்குறைக்கு விமானத் தாக்குதல் சைரனை வேறு பின்னணியில் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார். இப்படியே போட்டால் நிஜ சைரனையும் ஜனங்கள் அலட்சியப்படுத்திவிடுவார்கள், நிறுத்துங்கள் என்று கடைசியில் மத்திய உள்துறை சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் ஒரு சேனல்காரர் (பெயர் வேண்டாம்) மைக்கோடு வீட்டுக்கே வந்தார். பெருமையாக இருக்கிறதா என்று கேட்டார். "பெருமைதான் தம்பி. ஆனா சீக்கிரம் பேசி முடிச்சு, ரெண்டு பக்கமும் புள்ளைங்க வீடு வந்து சேரட்டும்" என்றார் அம்மா. ஒளிபரப்பில் "பெருமைதான் தம்பி" மட்டும் வந்தது. பின்னால் டமடமவென்று மேளம்.

தேசபக்தி பாடம் எடுக்க யாரும் வர வேண்டாம். பஹல்காமில் 26 பேரைக் கொன்றவர்களைச் சும்மா விடச் சொல்லவில்லை. எல்லையில் நடந்ததில் எனக்கு ஆட்சேபணை கிடையாது, ஸ்டுடியோவில் நடந்ததில்தான்.

சமாதானம் என்றால் ஒன்றும் நடக்காமல் இருப்பது. கேமராவுக்கு அதில் தீனி ஏது? பாகிஸ்தானோடு தண்ணீரைப் பங்கிட 1960இல் கையெழுத்தான சிந்து நதி ஒப்பந்தம் 1965, 1971, கார்கில் என்று மூன்று சண்டையைத் தாண்டி நின்றது. நின்றவரை அதற்கு எத்தனை விவாத மேடை பார்த்தீர்கள்? 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்ததும் எல்லாச் சேனலிலும் அதே பேச்சு.

மே 10 சாயங்காலம் சண்டை நின்றது. தம்பியும் பேசிவிட்டான். மைக்காரர் எட்டிப் பார்க்கவில்லை, ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டார். பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோதும் இதே கதைதான். உறைபனி விழுந்தால் மட்டும் விடிவதற்குள் வந்து புல்லைப் படம் பிடிப்பார்கள். பறிகூலியும் உரமும் போக எங்களுக்குக் கிலோவுக்கு என்ன மிஞ்சுகிறது என்று முடிந்தால் நீங்களாவது ஒரு கேள்வி போடுங்கள், விலாவாரியாக எழுதுகிறேன்.