ஓராண்டு வாசிப்புச் சவால்: எந்தப் புத்தகங்களை எடுப்பது?

பல நாடு, பல மொழி, பல காலம், பல தரப்பு மனிதர்கள் என்று பரவலாகப் படிக்கும் ஓராண்டுச் சவாலில் இறங்கப்போகும் வாசகர்கள் கேட்டவை இவை. நீண்ட கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: வாரம் ஒன்று வீதம் 52 புத்தகம் படிக்க நினைக்கிறேன். போன தடவை 30 என்று முடிவு செய்து 9-இல் நின்றுபோனது. இந்த முறை முடியுமா?

பதில்: 52 என்பது நாட்காட்டி கொடுத்த எண். உங்கள் வேகம் என்ன எண்ணைக் கொடுக்கிறது என்று முதலில் பாருங்கள். மூன்று வெவ்வேறு நாட்களில் ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், ஒரு மொழிபெயர்ப்பு என்று தலா 20 நிமிடம் படித்து, பக்கங்களை எண்ணிச் சராசரி எடுங்கள். மொழிபெயர்ப்பைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழக்கமில்லாத ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வரும்போது முதல் 50 பக்கத்தில் எல்லோருக்கும் வேகம் குறையும்.

சராசரி 12 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு அரை மணி நேரம் படித்தால் 18 பக்கம். மாதத்தில் 25 நாள்தான் படிக்க முடியும் என்று கணக்கிட்டால் 450 பக்கம், ஆண்டுக்கு 5,400. காய்ச்சல், பயணம், வேலை நெருக்கடி ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 4,320. ஒரு நூலுக்கு 240 பக்கம் என்றால் 18 நூல்கள் வரும். இதில் 12 நூல்களுக்கு மட்டும் ‘இன்ன மொழி’, ‘இன்ன காலம்’ என்று நிபந்தனை வையுங்கள் (இப்படி நிபந்தனை வைத்த ஒவ்வோர் இடத்தையும் கட்டம் என்போம்); மீதி 6 உங்கள் விருப்பம். பதினெட்டையும் கட்டாயமாக்கினால் வழியில் கிடைக்கும் நல்ல புத்தகத்தைத் தள்ளிவைக்க வேண்டிவரும். அந்த ஏக்கம் நாளடைவில் பட்டியல் மீதே கசப்பாக மாறும்.

கேள்வி: இணையத்தில் ஆயத்தப் பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் அது வேறு யாரோ ஒருவரின் குறைகளைப் பார்த்து எழுதியது. நீங்கள் ஏற்கெனவே நிறையப் படித்த வகையையே அது மறுபடி கேட்கக்கூடும்.

கடைசியாகப் படித்த 20 நூல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆறு விவரம்: ஆசிரியரின் நாடு, நூல் முதலில் எழுதப்பட்ட மொழி, முதலில் வெளியான ஆண்டு, ஆசிரியரின் பாலினம், வடிவம், எந்த வாழ்நிலையில் இருப்பவரின் பார்வையில் எழுதப்பட்டது. எந்த விவரத்தில் ஒரே பதில் 14 தடவைக்கு மேல் வருகிறதோ அங்கேதான் உங்கள் வாசிப்பு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. வாழ்நிலை என்ற கடைசி விவரத்தைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஐந்து கண்டங்களிலிருந்து படித்தும், ஐந்திலும் தலைநகரத்தில் வாழும் படித்த நடுத்தர வர்க்கத்தையே சந்தித்திருப்பது அடிக்கடி நடக்கிறது. நாட்டின் பெயர் மாறுவதால் மட்டும் பார்வை மாறிவிடாது.

இருபதில் 17 ஆண்கள் எழுதியவை, 15 நாவல்கள், 18 நூல்கள் 1990-க்குப் பின் வந்தவை, தமிழும் ஆங்கிலமும் அல்லாத மொழியில் எழுதப்பட்டவை இரண்டே இரண்டு என்று ஒருவருக்குக் கணக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். குறை நான்கு, கட்டம் பன்னிரண்டு. குறைக்கு மூன்று கட்டம். பெண்கள் எழுதியவற்றில் ஒன்று 1950-க்கு முந்தியது, ஒன்று அறிவியல் அல்லது வரலாறு, ஒன்று உடலுழைப்பை மையமாகக் கொண்டது. மொழிக்கு அரபி, கொரியம், போர்த்துகீசியம் போல ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று. காலத்துக்கு 1900-க்கு முன் ஒன்று, 1900 முதல் 1950 வரை ஒன்று, 1950 முதல் 1990 வரை ஒன்று. வடிவத்துக்கு நாடகம், கவிதைத் தொகுப்பு, சித்திர நாவல்.

கட்டத்தை எழுதும் விதமும் முக்கியம். கையில் எடுத்த நூல் அதில் சேருமா சேராதா என்று அட்டையையும் முதல் இரண்டு பக்கங்களையும் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். ‘ஆசியப் புத்தகம்’ மிக அகலம். ‘மனதைத் தொடும் புத்தகம்’ என்பதைப் படித்து முடிக்கும் வரை தீர்மானிக்கவே முடியாது. ‘கொரிய மொழியில் பெண் ஒருவர் எழுதியது’ என்றால் குழப்பமில்லை.

கேள்வி: ஒரே நூலை இரண்டு கட்டங்களில் கணக்கு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு நூல், ஒரு கட்டம். அனுமதித்தால் ‘அரபு மொழியில் பெண் எழுதிய நாடகம்’ ஒன்றைத் தேடிப் பிடித்து மூன்று கட்டங்களை மூடவே கை போகும்; பன்னிரண்டு ஐந்தாகச் சுருங்கிவிடும். எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தயக்கம் வந்தால், நிரப்ப அதிகம் கடினமான கட்டத்தில் வையுங்கள்.

கேள்வி: ‘ஆப்பிரிக்கா’ கட்டத்துக்கு ஒரு நாவல் வைத்திருக்கிறேன். கதை அங்கே நடக்கிறது, எழுதியவர் ஐரோப்பியர். சேருமா?

பதில்: நல்ல நாவலாக இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் சேராது. ஒரு மண்ணைப் பற்றி எழுதப்பட்டது வேறு, அந்த மண்ணிலிருந்து எழுதப்பட்டது வேறு. உங்கள் கட்டம் எதைக் கேட்கிறது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

‘ஆப்பிரிக்கா’ என்று ஒரே கட்டம் வைத்திருப்பதையும் மாற்றுங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பு நாடுகளில் 54 அந்தக் கண்டத்தில் இருக்கின்றன. நாட்டைக் குறிப்பிடுங்கள், முடிந்தால் மொழியையும். அங்கிருந்து நம் கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதப்பட்டவை. கென்யாவின் கூகி வா தியாங்கோ 1977 வரை நாவல்களை ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு சிறையில், கழிவறைத் தாளில், தன் தாய்மொழியான கிக்குயூவில் அடுத்த நாவலை எழுதினார். ஒரே எழுத்தாளரிடமே யாருக்காக, எந்த மொழியில் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள். பட்டியலில் மூல மொழி என்று தனியாக ஒரு விவரம் கேட்பது இதற்காகத்தான்.

ஆசிரியரின் அடையாளத்தைத் தேடும்போது ஓர் எல்லை வையுங்கள். சொந்த அனுபவம் கொண்டவர்கள் எழுதிய நூல்களைக் குறிக்க ‘ஓன் வாய்சஸ்’ என்ற அடைமொழி 2015-இல் சமூக ஊடகத்தில் பிறந்தது. பன்முக நூல்களுக்காக இயங்கும் ‘வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்’ அமைப்பு 2021-இல் அதைக் கைவிட்டது. அது விற்பனை முத்திரையாக மாறி, சொல்ல விரும்பாதவற்றை எழுத்தாளர்கள் வெளியில் சொல்லியாக வேண்டிய நிலைக்குத் தள்ளியது. அவர்கள் தாமே பொதுவில் சொன்னது எவ்வளவோ, அவ்வளவு போதும்.

கேள்வி: மொழிபெயர்ப்பு நல்லதா என்று மூல மொழி தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முழுமையாக முடியாது. ஆனால் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மூலத் தலைப்பு, மூல மொழி, முதலில் வெளியான ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ‘மூலத்திலிருந்து நேரடியாக’ என்றோ ‘ஆங்கிலம் வழியாக’ என்றோ சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. ‘சுருக்கம்’, ‘தழுவல்’ என்ற சொற்கள் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இடையில் இன்னொரு மொழி புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாஃப் லெம் 1961-இல் வெளியிட்ட ‘சோலாரிஸ்’ ஓர் உதாரணம். 1970-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. அதில் பாத்திரங்களின் பெயர்கள்கூட மாறின: ஹாரே ரேயா ஆனாள், ஸ்னாவுட் ஸ்னோ ஆனார். போலிஷிலிருந்து நேரடியாக ஆங்கிலத்துக்கு வர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தி பொவாரின் ‘இரண்டாம் பாலினம்’ நூலுக்கு நேர்ந்தது இன்னும் பெரிய பாடம். 1953-இன் ஆங்கிலப் பதிப்பில் கணிசமான பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. முழு மொழிபெயர்ப்பு 2009-இல்தான் வந்தது. அந்தப் பழைய பதிப்பை வைத்து வேறு மொழிக்குப் போன எதுவும் அந்த வெட்டுகளையும் சுமந்துதான் போயிருக்கும்.

இதற்காக ஆங்கிலம் வழி வந்த தமிழ் நூல்களை ஒதுக்க வேண்டியதில்லை. பல மொழிகளுக்கு நமக்கு வேறு வழி கிடையாது. எந்த ஆங்கிலப் பதிப்பு என்று கேட்டுப் பழகுங்கள். எடுக்கும் முன் நடுவில் உரையாடல் வரும் இடமாக இரண்டு பக்கம் வாசியுங்கள். எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசினால் வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: விருதுப் பட்டியல்களை நம்பித் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: தொடங்க நல்ல இடம். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் 6 நூல்கள். அதற்கு முந்தைய நெடும்பட்டியலில் வழக்கமாக 13. நெடும்பட்டியலே உங்களுக்கு உதவும், அதில்தான் மொழிகள் அதிகம் இருக்கும். 2016 முதல் அந்தப் பரிசுத் தொகை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. ஆகவே பிடித்த மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு அவர் செய்த மற்ற நூல்களுக்கும் போகலாம். ஆனால் விருதுகளுக்கும் சாய்வு உண்டு. 1901-இல் தொடங்கிய இலக்கிய நோபலை ஓர் ஆசியப் பெண் முதன்முதலில் பெற்றது 2024-இல். பன்னிரண்டில் நான்குக்கு மேல் விருது நூல் வேண்டாம்.

கேள்வி: பட்டியல் போட்டுவிட்டேன். பாதி நூல்கள் கிடைக்கவில்லை.

பதில்: தொடங்கும் முன்பே ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நூல்கள் எழுதி, இரண்டில் ஒன்றாவது கைக்கு எட்டும் என்று உறுதி செய்திருக்க வேண்டும். இரண்டும் எட்டாவிட்டால் கட்டத்தையே இப்போது மாற்றிவிடுங்கள். செப்டம்பரில் மாற்றுவதைவிட அது நல்லது.

டியூயி தசம முறைப்படி அடுக்கிய நூலகமாக இருந்தால் எங்கே தேடுவது என்று எண்ணே சொல்லும். 800 இலக்கியம். 820 ஆங்கிலம், 830 ஜெர்மன், 840 பிரெஞ்சு, 850 இத்தாலியம், 860 ஸ்பானியமும் போர்த்துகீசியமும், 870 லத்தீன், 880 கிரேக்கம். உலகின் மற்ற மொழி இலக்கியங்களில் பெரும்பாலானவை 890-க்குள் அடைபட்டிருக்கின்றன: ரஷ்யன் 891.7, அரபி 892.7, தமிழ் 894.811, சீனம் 895.1, ஜப்பானியம் 895.6, கொரியம் 895.7, ஆப்பிரிக்க மொழிகள் 896. அந்த ஓர் அடுக்கின் முன் ஒரு மணி நேரம் நின்றால் ஆண்டுக்கான பாதிப் பட்டியல் கிடைக்கும். மொழிபெயர்ப்பு நூல்களை மூல மொழியின் எண்ணில் வைப்பதுதான் முறை. சில நூலகங்கள் மாற்றி வைப்பதுண்டு, நூலகரைக் கேளுங்கள்.

சில நாடுகளுக்கு முழு நூலே இருக்காது. 2012-இல் உலகின் எல்லா நாடுகளிலிருந்தும் ஒரு நூல் படிக்க முயன்ற ஆன் மோர்கனுக்கு சாவோ டோமே பிரின்சிபி நாட்டின் நூல் எதுவும் ஆங்கிலத்தில் கிடைக்கவில்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து போர்த்துகீசியத்திலிருந்து ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். நமக்கு அந்த அளவு தேவையில்லை. 2003 முதல் வெளிவரும் ‘வேர்ட்ஸ் விதவுட் பார்டர்ஸ்’ என்ற இணைய இதழ் பல மொழிக் கதைகளை ஆங்கிலத்தில் தருகிறது. ஒரு நாட்டின் ஐந்து சிறுகதைகள் ஒரு கட்டம் என்று விதி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சவாலுக்காக எடுத்ததெல்லாம் போர், வறுமை, கொடுமை என்றே இருக்கிறது. மார்ச் மாதமே மனம் சோர்ந்துவிட்டது.

பதில்: சோர்வுக்குக் காரணம் நீங்கள் அல்ல, தேர்வு முறை. தொலைதூர மக்களின் துயரக் கதைகளே அதிகம் மொழிபெயர்க்கப்படுகின்றன, அதிகம் பரிந்துரைக்கவும் படுகின்றன. அவற்றை மட்டும் படித்தால் அந்த மக்களைத் துயரமாக மட்டுமே நினைவில் வைத்திருப்போம். அது அவர்களுக்குச் செய்யும் நியாயம் அல்ல. ஒரு மக்களைப் பற்றி ஒரே கதையை மட்டும் கேட்பதன் ஆபத்தை நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009-இல் ஆற்றிய உரை ஒன்றில் பேசியிருக்கிறார். அதே நாட்டின் துப்பறியும் கதை, நகைச்சுவை, காதல், அறிவியல் புனைவு, விளையாட்டு வரலாறு என்று தேடுங்கள். பன்னிரண்டில் குறைந்தது ஐந்து இப்படி இருக்கட்டும்.

வரிசையையும் மாற்றுங்கள். கனமான நூல் இரண்டு அடுத்தடுத்து வேண்டாம். 400 பக்கத்துக்கு மேற்பட்டதை உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதத்தில் வையுங்கள். ஜனவரி உற்சாகத்தில் மிகப் பெரியதை முதலில் எடுத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். பிடிக்காததைக் கைவிட அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொல்லும் கணக்கு எளிது: 50 பக்கம் படித்துப் பாருங்கள், வயது 50-ஐத் தாண்டியிருந்தால் 100-இலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம் போதும். 64 வயதுக்காரர் 36 பக்கத்தில் முடிவு செய்யலாம். மொழிபெயர்ப்புக்கு மட்டும் இன்னும் 20 பக்கம் கூடுதலாகக் கொடுங்கள். கைவிட்டால் அதே கட்டத்தின் இரண்டாவது நூலை எடுங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை மங்கிவருகிறது. ஒலிநூல் கேட்டால் படித்ததாகக் கணக்கா?

பதில்: கண்டிப்பாக. நாளுக்கு அரை மணி என்றால் 10 மணி நேர ஒலிநூல் 20 நாளில் முடியும். அந்தக் கணக்கை வைத்துப் பட்டியல் போடுங்கள். சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா என்று முதலில் பாருங்கள். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற நாடுகளில் பதிப்புரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் ஒலி, பிரெயில், பெரிய எழுத்துப் பிரதிகளைத் தயாரிக்கலாம், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பவும் செய்யலாம். பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான நூலகத்தில் பதிவு செய்தால் கடையில் ஒலிநூலாக வராததும் கிடைக்க வாய்ப்புண்டு.

கேள்வி: டிசம்பர் வந்து இரண்டு கட்டம் மிச்சமிருந்தால் என்ன செய்வது?

பதில்: அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அப்போது நான்குக்கு மேல் மிச்சமிருந்தால் விருப்ப நூல்களை நிறுத்திவிட்டுக் கட்டங்களை மட்டும் எடுங்கள். நாடகத்தையும் கவிதையையும் அதற்காகவே கடைசி இரண்டு மாதத்துக்கு ஒதுக்கி வைப்பது உதவும். நூறு பக்க நாடகம் இரண்டு மாலையில் முடியும். அப்படியும் மிஞ்சினால், பொருந்தாத நூலை அந்தக் கட்டத்துக்குள் திணிக்காமல் வெறுமையாக விட்டு, அடுத்த ஆண்டுப் பட்டியலின் முதல் இரண்டு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.