வரம்பில் நின்று வைத்தியம்

கேள்வி: கட்டாரிலிருந்து திரும்பி வந்து, அப்பாவின் 3 ஏக்கரில் முதல் தடவையாக வெள்ளாமை செய்கிறேன். எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, ஒருவர் மோட்டார்சைக்கிளில் வருவார். “30 வருட அனுபவம், நெல்லில் எனக்குத் தெரியாதது இல்லை” என்பார். என் பயிர் மஞ்சளித்ததைப் பார்த்து, “அறக்கொட்டியான்” என்று சொல்லி, தானே கலந்த பூச்சி எண்ணெய்ப் போத்தலொன்றை நீட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கட்டார்காரனுக்கு வெள்ளாமை விளங்குமா?” என்று எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, வயலுக்கு வருவதில்லை. ஒன்றும் தெரியாத நான் அவரை நம்பாமல் யாரை நம்புவது?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: தம்பி, அவர் வயலுக்குள் இறங்கினாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

அறக்கொட்டியான் என்ற தத்திப் பூச்சி பயிரின் தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருந்து சாறு குடிக்கும். குனிந்து தூரை விரித்துப் பார்க்காமல் அது இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. மஞ்சளுக்குக் காரணம் ஒன்றல்ல. அடி இலைகள் முதலில் வெளுத்தால் நைதரசன் குறைவாக இருக்கலாம். அடி இலைகளின் நுனியும் விளிம்பும் கருகினால் பொட்டாசியத்தைச் சந்தேகிக்க வேண்டும். அறக்கொட்டியான் முற்றினால் வயலில் வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். வரம்பில் நின்றபடியே இதையெல்லாம் பிரித்தறிகிறவர், நாடி பிடிக்காமல் குளிசை கொடுக்கும் பரியாரிதான்.

ஒருவர் விஷயம் தெரிந்தவரா என்று அறிய உங்களுக்கு வெள்ளாமை தெரிந்திருக்க வேண்டியதில்லை. “எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? வேறு எதுவாகவும் இருக்கலாமா?” என்று கேளுங்கள். தெரிந்தவர் காலைச் சேற்றில் வைப்பார், தூரை விரித்துக் காட்டுவார். இவர் உங்களைப் பார்த்துச் சிரித்தார். அதுவும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு! ஆலோசனை சொல்பவரே விற்பவராகவும் இருந்தால் இரண்டு மடங்கு கேள்வி கேட்கலாம், தப்பில்லை.

அவசரப்பட்டு அடித்தால் காசு மட்டுமா போகும்? அறக்கொட்டியானைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து சாகும், பிறகு அது முன்னையைவிடப் பெருகும். யூரியாவை அளவுக்கு மேல் எறிந்தாலும் அதற்குக் கொண்டாட்டம்தான்.

அந்த 30 வருடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பூச்சியும் சும்மா இருக்கவில்லையே. ஒரு காலத்தில் நன்றாகக் கேட்ட இமிடாக்குளோப்ரிட் மருந்துக்கு, 2000களின் நடுப்பகுதியிலேயே ஆசிய நாடுகள் பலவற்றில் இந்தத் தத்தி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. உண்மையான விற்பன்னரே மறுபடி படிக்கவேண்டி வந்தது. அரசாங்கத்தின் மேலிடத்திலும் எல்லாம் தெரிந்தவர்கள் இருந்தார்கள்: 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள். விவசாய விஞ்ஞானிகள் வேண்டாமென்று எழுதியும் கேட்கவில்லை. அதே வருடம் நவம்பரில் தடையை நீக்கும்போது பெரும்போக விதைப்பு முடிந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தப் போகத்தை யார் மறப்பார்?

இதற்காக ஒருவரையும் நம்பாத ஆளாகிவிடாதீர்கள், அதுவும் எல்லாம் தெரிந்தவரின் இன்னொரு வேஷம்தான். கமநல சேவை நிலையத்தில் விசாரித்து விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள். அவருக்கு ஊர்கள் பல, உடனே வராமல் போகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். வயலில்லாமல் பேனையோடு உட்கார்ந்திருக்கும் என்னிடமும்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. அப்பா வயலுக்கு வருவதில்லை என்று எழுதி, அவரை அப்படியே விட்டுவிட்டீர்கள். ஒரு தூரை வேரோடு பிடுங்கிக்கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். எந்த வயற்கண்டத்தில் தண்ணீர் நிற்கும், எந்த மூலை எப்போதும் வெளுக்கும் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெட்கம் எதற்கு? கட்டாரில் முதல் நாள் வேலையையும் கேட்டுத்தானே பழகியிருப்பீர்கள்.

போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவில்லாத பீடைகொல்லியை விற்க முடியாது. மூன்று மொழியிலும் லேபல் இல்லாத எதையும் வயலில் இறக்க வேண்டாம். எண்ணெய் அடித்தே ஆகவேண்டும் என்று போதனாசிரியர் சொன்னால், தூரில் படும்படி அடியுங்கள், ஒரு வரவையின், அதாவது வரம்பு கட்டிய ஒரு துண்டின், மூலையை மட்டும் அடிக்காமல் விடுங்கள். பத்து நாள் கழித்து இரண்டு இடத்திலும் தூரை விரித்துப் பார்த்து, கண்டதை எனக்கும் எழுதுங்கள்.