ஒரு பாட்டில், மூன்று தலை

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். எனக்கு மெல்லிய முடி, குளித்த மறுநாளே பிசுபிசுப்பு. பெரிய மகளுக்குச் சுருட்டை. சின்னவள் பார்லரில் முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள், இப்போது நுனியெல்லாம் வைக்கோல். மூவருக்கும் ஒரே கண்டிஷனர். எனக்கு முடி தலையோடு ஒட்டிக்கொள்கிறது, அவர்களுக்கோ போட்ட மாதிரியே இல்லை. எண்ணெய் இருக்க இதெல்லாம் எதற்கு என்கிறார் மாமியார். போர் தண்ணீர்தான் காரணமா? முடி கொட்டுவதும் இதனாலா?

பதில்: தண்ணீர் மேல் உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானதுதான். பாலாறு வறண்டு கிடக்கிற நம் பக்கத்தில் பல வீடுகளில் குளிப்பதற்குப் போர் தண்ணீர்தான், அதில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதேபோல முடியிலும் படிந்து சொரசொரப்பாக்கும். மாதம் ஒருமுறை கடினநீருக்கென்று விற்கிற ஷாம்பூவைப் போடுங்கள். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில், குடிக்கப் பிடித்தது போக மிஞ்சினால், கடைசி இரண்டு சொம்பு அதில் அலசுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் பெரிய தவறு, மூன்று பேரும் ஒரே அளவு எடுத்து ஒரே இடத்தில் தேய்ப்பது. கண்டிஷனர் தலைத்தோலுக்கு இல்லை, முடிக்கு. ஈர முடியில், அதுவும் சேதமான இடத்தில், எதிர்மின்னேற்றம் அதிகம். கண்டிஷனரில் இருக்கிற நேர்மின் மூலக்கூறுகள் அங்கே போய் ஒட்டிக்கொள்வதால்தான் அலசிய பிறகும் வழவழப்பு நிற்கிறது. வேர்ப்பக்கம் இருப்பது புது முடி, அதற்குத் தோலே எண்ணெய் கொடுக்கிறது. நுனிதான் வருஷக்கணக்கில் வெயிலும் சீப்பும் பட்டது.

அதனால் நீங்கள் புளியங்கொட்டை அளவு போதும், காதுக்குக் கீழே மட்டும், ஒரு நிமிடத்தில் நன்றாக அலசிவிடுங்கள். லேபிளில் வெண்ணெய், எண்ணெய் என்று அடுக்கியிருப்பதை வாங்காதீர்கள், மெல்லிய முடி அந்த பாரத்தைத் தாங்காது. நெற்றியிலும் முதுகிலும் பரு வருகிறதென்றால் வழிகிற கண்டிஷனரையும் கொஞ்சம் கவனியுங்கள்.

பெரியவளுக்கு இதற்கு நேர்மாறு. சுருட்டை முடியில் தலைத்தோலின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்காது, அதனால் அது எப்போதும் காய்ந்தே இருக்கும். உங்களுக்குப் பாரமான அந்தக் கெட்டிக் கண்டிஷனர்தான் அவளுக்கு வேண்டும், தாராளமாக. போட்டபடியே பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, மூன்று நிமிடம் விட்டு, கையில் லேசான வழுக்கல் மிஞ்சும்படி அலசச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு சீப்பே வேண்டாம். முடி பரந்து நிற்கிறதே என்று வாரி வாரித்தான் அதை இன்னும் பரக்க வைக்கிறார்கள்.

சின்னவள் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிளந்த நுனியை எந்தக் கண்டிஷனராலும் ஒட்ட முடியாது. இரண்டு அங்குலம் வெட்டிவிடுங்கள். மிச்ச முடிக்கு டைமெதிகோன் என்கிற சிலிக்கோன் சேர்ந்த கண்டிஷனர் நல்லது. சிலிக்கோன் என்றதும் பயப்படாதீர்கள், அது முடிமேல் மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கிறது. அப்புறம், சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்ததும் பாட்டிலைத் திரும்ப வைக்கிறவர்கள் உண்டு, பாவம், அது முடியை மென்மையாக்குகிற கொழுப்பு வகை, உலர்த்துகிற சாராயம் இல்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம், அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும், குளிப்பதற்கு முன் தேய்த்தால் அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். குளித்த பிறகு சிக்கு விழாமல் பார்த்துக்கொள்வது கண்டிஷனர் வேலை. இரண்டும் இருக்கட்டும்.

முடி கொட்டுவது இதனால் இல்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். வாரம் ஒருமுறை தலைக்குக் குளித்தால் சேர்ந்திருந்ததெல்லாம் அன்று ஒன்றாக வரும், பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ மட்டும் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.