சதுரங்க தண்டாசனமும் தோள்வலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு மாதங்களாக மூச்சோடு சேர்த்து ஆசனங்களைத் தொடர்ச்சியாகச் செய்யும் அஷ்டாங்க வின்யாச யோகா வகுப்புக்குப் போகிறேன். வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. கையை மடக்கி, உடலைப் பலகைபோல் தரைக்குச் சற்று மேலே இறக்கி நிறுத்தும் சதுரங்க தண்டாசனத்தில் அது கூடுகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். இதெல்லாம் வெறும் வேகமான உடற்பயிற்சிதானோ என்றும் தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்த வலியைப் பழக்கிக்கொள்ளக் கூடாது. சூரிய நமஸ்காரம் ‘ஏ’யில் 9 வின்யாசம் (மூச்சோடு சேர்ந்த அசைவு), அதில் ஒரு சதுரங்கம். ‘பி’யில் 17, அதில் மூன்று. ஐந்தைந்து சுற்று முடித்தால், நின்று செய்யும் ஆசனங்களைத் தொடும் முன்பே 20 முறை இறங்கியிருப்பீர்கள். சின்னப் பிழையும் 20 மடங்காகும்.

பிழை பெரும்பாலும் தோள் முழங்கைக்குக் கீழே போவதுதான். அப்போது மேற்கை எலும்பின் தலை முன்னால் தள்ளி, அங்குள்ள தசைநாணை உறுத்துகிறது. பிளாங்க்கில் (கையை நீட்டி ஊன்றி உடலை நேராகத் தாங்கும் நிலை) இருந்தபடியே கையை மடக்காதீர்கள். முதலில் கால்விரல் நுனியில் உடலை முன்னே நகர்த்துங்கள். பிறகு மடக்கினால்தான் முன்கை செங்குத்தாக நிற்கும். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். மேற்கையும் முன்கையும் 90 பாகைக்கு வந்ததும் நிறுத்துங்கள். அந்த உயரம் பிடிபடவில்லையென்றால், யோகா பெல்ட்டைத் தோளகல வளையமாக்கி முழங்கைக்குச் சற்று மேலே மாட்டிக்கொள்ளுங்கள். விலா பெல்ட்டில் தொட்டால் அதுதான் எல்லை. இப்போதைக்கு முழங்காலைத் தரையில் வைத்துச் செய்யுங்கள். பின்னால் குதிப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு காலாக வையுங்கள். நீட்டிய கையில் குதித்து விழுவதும் தோளைத்தான் தாக்கும்.

யோகம் எங்கே என்பதற்கும் விடை இந்த இறக்கத்திலேயே இருக்கிறது. இறங்குவது முழுக்க ஒரே வெளிமூச்சில். அஷ்டாங்க வின்யாசத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸின் மரபு மூச்சு, ஆசனம், பார்வை மூன்றையும் சேர்த்தே ‘திரிஸ்தானம்’ என்கிறது. மூச்சு பாதியில் நின்றாலோ, வாய் திறந்தாலோ அன்றைய அளவு முடிந்தது. முயற்சி தளர்வதால் ஆசனம் கைகூடும் என்கிறது பதஞ்சலியின் யோக சூத்திரம் (2.47), பல்லைக் கடித்து இறங்குவது அதற்கு நேர் எதிர். எல்லோரும் ஒரே எண்ணிக்கைக்கு ஓடும் வகுப்பில் இதைக் கவனிப்பது கடினம். அவரவர் மூச்சுக்குச் செய்யும் ‘மைசூர்’ முறை வகுப்பு கிடைத்தால் அதற்கு மாறுங்கள். ஜோயிஸின் குரு கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூரில் கற்பித்தது பெரும்பாலும் சிறுவர்களுக்கு. சென்னைக்கு வந்தபின் அவரே வயதுக்கும் உடம்புக்கும் தக்கபடி மாற்றிக் கொடுத்தார். முழங்காலை ஊன்றுவதில் எந்தக் குறையும் இல்லை.

இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் வலித்தாலோ, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாவிட்டாலோ சதுரங்கத்தை அடியோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.