மேதையாகக் காட்டினால் மரியாதை ஆகிவிடுமா?

கேள்வி: ஆஸ்பெர்கர் (மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வித்தியாசமாக இருக்கும் ஒரு மூளை வளர்ச்சி நிலை) உள்ளவர்களைப் படங்களில் அபார மூளைக்காரர்களாக, கள்ளம் கபடம் இல்லாதவர்களாகத்தானே காட்டுகிறார்கள்? நல்லபடியாகக் காட்டினாலும் குறை சொன்னால் எப்படி?

பதில்: நல்லபடியாகக் காட்டுகிறார்கள் என்பதையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்பெர்கரை 2013-ல் அமெரிக்க மனநலக் கையேடு ஆட்டிசம் என்ற பெரிய வகையோடு சேர்த்துவிட்டது. அதனால் 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதில் டஸ்டின் ஹாஃப்மன் நடித்த, ஆட்டிசம் உள்ள ரேமண்ட், தரையில் கொட்டிய பல்குச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்வார், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் சீட்டுகளை நினைவில் வைத்துத் தம்பிக்குப் பணம் ஜெயித்துக் கொடுப்பார். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலான கிம் பீக் என்ற நிஜ மனிதருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல, வேறொரு மரபணுக் கோளாறு என்றுதான் பின்னால் கருதப்பட்டது. ஆனால் படம் குத்திய முத்திரை இன்னும் அழியவில்லை. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று ஒரு அம்மா சொன்னால், "அப்போ கணக்கில் புலியா?" என்கிறார்கள். இல்லைங்க, கணக்கு சுமார்தான், மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான் என்றால் கேட்டவர் முகம் தொங்கிப்போகிறது. இதுவா மரியாதை?

அப்புறம் அந்தப் படத்தில் மாறுவது யார்? தம்பி சார்லிதான். அவன் நல்லவனாகி முடித்ததும் ரேமண்ட் பழைய காப்பகத்துக்கே ரயில் ஏறுகிறார்.

'மை நேம் இஸ் கான்' (2010) ஆஸ்பெர்கர் என்று பெயர் சொல்லியே எடுத்த படம், அதற்கு நன்றி. மஞ்சள் நிறத்தைக் கண்டால் ஷாருக் கானுக்கு வரும் பதற்றமும் நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் வெள்ளத்தில் சிக்கிய ஊருக்கு உதவி, அமெரிக்க ஜனாதிபதியையும் பார்த்து, அத்தனை பேர் மனசையும் திருத்துகிற ஒரு புனிதராக அவரை ஆக்கிவிட்டார்கள்.

ஆஸ்பெர்கர் உள்ளவர்களுக்குக் கோபம் வரக்கூடாதா? 2009-ல் ஆடம் எலியட் எடுத்த 'மேரி அண்ட் மேக்ஸ்' என்ற களிமண் பொம்மைப் படத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் தனியாக இருக்கும் மேக்ஸுக்கு ஆஸ்பெர்கர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மேரி சிறுமியாக இருந்தபோதிருந்து அவருடைய பேனா நண்பி. வளர்ந்து படித்து, அவரையே உதாரணமாக வைத்து, இதைக் குணப்படுத்தலாம் என்று அவள் ஒரு புத்தகம் எழுதுகிறாள். நல்லெண்ணம்தான். மேக்ஸ் என்ன செய்கிறார் தெரியுமா? தன் டைப்ரைட்டரிலிருந்து 'எம்' எழுத்துக் கட்டையைப் பிடுங்கித் தபாலில் அனுப்பிவிடுகிறார். இனி மேரி என்று அவரால் அடிக்கவே முடியாது. யாரையும் திருத்துவதற்காக வந்த கோபம் இல்லை அது, முழுக்க முழுக்க அவருடைய கோபம். அவளை மன்னிக்க அவருக்கு நாளாகிறது, அந்த அவகாசத்தைப் படமும் கொடுக்கிறது. நியூயார்க்கில் இருந்த தன் சொந்தப் பேனா நண்பரை மனதில் வைத்து எலியட் எடுத்த படம் என்பதால்தானோ என்னவோ, ஒரு இடத்தில்கூட மேக்ஸைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லத் தோன்றவில்லை.

இன்னொன்று, யார் நடிக்கிறார்கள் என்பது. நட்சத்திரம் தலையைச் சாய்த்து, கண்ணைப் பார்க்காமல் பேசினால் விருது வருகிறது, ஆட்டிசம் உள்ள நடிகருக்கோ வாய்ப்பு வருவதே அபூர்வம். 2017-ல் வந்த 'கீப் தி சேஞ்ச்' காதல் படத்தில் நாயகன், நாயகியாக நடித்த இருவருமே நிஜத்திலும் ஆட்டிசம் உள்ளவர்கள். அந்த நாயகன் இடம் தெரியாமல் ஜோக் அடிக்கிறான், அம்மாவுக்குப் பயப்படுகிறான், காதலியின் மனசை நோகடிக்கிறான். மேதை இல்லை, புனிதரும் இல்லை. 'மேரி அண்ட் மேக்ஸ்', 'கீப் தி சேஞ்ச்' இந்த இரண்டு படங்களையும் பாருங்கள். பார்த்த பிறகும் நான் குறை சொல்வது அநியாயம் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.